காவினுக்கு ஒரு மைப்பேனை

பேரிங்கைக் காதருகே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால், அது இன்னும் எத்தனை போகம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். கல்முனையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சவளக்கடைப் பக்கம் வயலுக்குள் நெல் வெட்டு மெஷின் நின்றுபோனால் நிலத்துக்காரப் போடிமார் முதலில் எனக்குத்தான் போன் எடுப்பார்கள், பிறகுதான் மெக்கானிக்குக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிள் கடையில் டியூப் ஒட்டினேன், பழைய உழவு மெஷின்களைக் கழற்றி விற்றேன், இன்று பிரதான வீதியில் என் உதிரிப்பாகக் கடையைக் கேட்டால் பஸ் டிப்போவில் நிற்கிற ஓட்டோக்காரன்கூட வழி சொல்வான். இரும்பை இவ்வளவு அறிந்த நான், ஒரு நகத்தளவு உருக்குத் துண்டைக் கண்டு வியர்த்துப்போன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இளைய மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா அதிபராக இருந்து பென்சன் எடுத்தவர். அந்தக் குடும்பத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஆசிரியர், அல்லது அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறவர். பேச்செல்லாம் நல்லபடி முடிந்தது. நாள் குறிக்க வேண்டிய நேரத்தில் அதிபர் சேட்டின் நெஞ்சுப் பையிலிருந்து ஒரு பேனையை எடுத்தார். மூடியை இழுக்கவில்லை, மெதுவாகத் திருகினார். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் திகதியை எழுதியபோது சத்தமே இல்லை. மை ஈரமாக மினுங்கியது, பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து அடங்கியது. நல்ல மெஷின் ஓடுகிறபோது எனக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி வரும். அது வந்தது.

"மைப்பேனையா சேர்?" என்றேன்.

"ஓம் ஹாஜியார். வேற பேனையால எழுதினா எனக்கு எழுதின மாதிரியே இரிக்காது."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப காவினுக்கு நானும் மைப்பேனையாலதான் கையெழுத்து வைப்பன். நீங்களே பாருங்க" என்றேன்.

"மாஷா அல்லாஹ்! அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரு கட்சி" என்று அவர் என் தோளில் தட்டினார். கூட வந்தவர்கள் எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நான் அதுவரை ஒரு மைப்பேனையைக் கையால் தொட்டதுகூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நிக்காஹை எங்கள் ஊரில் காவின் எழுதுவது என்போம். பள்ளிவாசலில், ஊர் பார்த்திருக்க, பெண்ணுக்கு வலியாக, அதாவது பொறுப்பாளராக, வாப்பாதான் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மகள் அங்கே இருக்க மாட்டாள். அவளுக்குப் பதிலாக நிற்பது என்னுடைய கையெழுத்துத்தான். அதில் மை கொட்டினால், தாள் கிழிந்தால், அந்த வீட்டுக்காரர்கள் என்னைச் சொன்னால் பரவாயில்லை. பெருநாளைக்கும் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்கிறதுக்கும் கூடுகிற இடத்தில் அவள் காதில் விழ, "இவட வாப்பாதானே அண்டைக்குப் புத்தகத்தக் கிழிச்சவரு" என்று ஒரு மாமி சிரித்தால்? அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் ஓயாது. அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே கல்முனைப் புத்தகக் கடைக்குப் போய் இருப்பதிலேயே பாரமான மைப்பேனையைக் கேட்டேன். பாரம் என்றால் தரம், என் தொழிலில் அப்படித்தான். நிப்பிலும் தடித்ததையே எடுத்தேன். மெல்லிசாக எழுதுவதைவிடத் தடிப்பாக எழுதுவது கம்பீரம் அல்லவா? கடைக்கு வந்து, மத்தியானம் தொழுகைக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த நேரத்தில், பில் புத்தகத்தை விரித்துக் கையெழுத்து வைத்தேன். முதல் கோட்டிலேயே நிப்பின் இரண்டு கால்களும் தவளைக் கால் மாதிரி விரிந்தன. மை குளமாக நின்றது.

காரணம் எனக்கு உடனே விளங்கியது. விளங்கியதுதான் பயம். என் கை கார்பன் கை. முப்பது வருசத்துக்கு மேலாக நான் எழுதியதெல்லாம் பில். வெள்ளைத் தாள், அதற்குக் கீழே கார்பன், றோசாத் தாள், இன்னொரு கார்பன், அடியில் மஞ்சள் தாள். மஞ்சள் தாளில் எழுத்து விழ வேண்டுமென்றால் பேனையை உளி மாதிரி பிடித்து அமுக்க வேண்டும். என் மேசையில் விரித்திருக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் பலகையில் என் கையெழுத்தைத் தடவிப் படிக்கலாம். அந்தக் கையைக் கொண்டுபோய், தொட்டால் போதும் என்கிற பேனையைப் பிடிக்கக் கொடுத்தால் என்ன ஆகும்?

நான் சளைக்கிற ஆள் இல்லை. சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனபோது, மாடியில் இருக்கிற ஒரு பேனைக் கடையை விசாரித்து ஏறினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பேனைகள் நகை மாதிரி படுத்திருந்தன. விற்பனையாளர் ஒரு வழுவழுப்பான தாளைத் தந்து, "எழுதிப் பாருங்க சேர்" என்றார். என்ன எழுதுவது? என் பெயரையும் சாமான்களின் பெயரையும் தவிர நான் எதையும் எழுதிப் பழகியதில்லை. பெல்ட், பேரிங், ஒயில் சீல், கிளச் பிளேட் என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்து, "சேர் எஞ்சினியரா?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

"அமுக்காதீங்க சேர். பேனைட பாரத்திலயே அது எழுதும்" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். மூடியைப் பின்னால் செருகினால் சில பேனை முதுகு கனத்துக் கையை இழுத்தது. சிலதின் கழுத்து மெல்லிசு, என் விரலுக்குத் தும்பு பிடிப்பது போல இருந்தது. கடைசியாக ஒரு கறுப்புப் பேனை. நிப் தங்கம். அதை வைத்து இழுத்தபோது வெண்ணெயில் கத்தி போனது. உருக்கு என்னிடம் கடை நிறைய இருக்கிறது, மகளின் காவினுக்குத் தங்கம்தானே அழகு என்று வாங்கிவிட்டேன். விலையைச் சொன்னால் மனைவி என்னையும் பேனையையும் சேர்த்து வெளியே விடுவாள், ஆகவே இங்கேயும் சொல்லவில்லை.

பக்கத்துப் புடவைக் கடைக்காரர் எனக்கு மச்சான் முறை. அவரிடம் காட்டாமல் இருக்க முடியுமா? மூடியைத் திருகிக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிப்பை உற்றுப் பார்த்தார்.

"இது மெய்யான தங்கமா மச்சான்?"

"பின்ன? பித்தளைய வாங்கவா நான் கொழும்புக்குப் போன?"

"ஆம்பிளைக்குத் தங்க மோதிரம் ஆகாது எண்டு நீங்கதானே அண்டைக்கு அந்தப் பொடியனுக்குப் பள்ளிக்குள்ள வெச்சு ஏசின. விரல்ல போட்டா ஹறாம், விரலால புடிச்சா ஹலாலா?"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் மூடியைத் திருகிப் பேனையைப் பைக்குள் போட்டேன். மகளின் காவினை, அல்லாஹ்வின் பேரால் நடக்கிற காரியத்தை, ஆகாத பொருளால் எழுதுவதா? அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மௌலவியைப் பிடித்தேன். அவர் பேனையைக் கையில் வாங்கவே இல்லை, குனிந்து பார்த்தார்.

"தங்க முலாமா, தங்கமா?"

"தங்கம்தான் ஹஸ்ரத். நிப் மட்டும்."

"இதுல கருத்து வேறுபாடு இரிக்கி ஹாஜியார். ஆனா எழுதுற இடமே தங்கம் எண்டா எனக்குச் சரியாப் படல்ல. மனசுக்குச் சந்தேகம் வந்தா விட்டுருங்களேன். பேனைக்கா பஞ்சம்?"

பேனைக்குப் பஞ்சம் இல்லை, நாளுக்குத்தான் பஞ்சம். அந்தப் பேனையை அல்மாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. விற்கவும் மனமில்லை, எழுதவும் துணிவில்லை.

அதன் பிறகு உருக்கு நிப்புக்கே திரும்பினேன். உண்மையில் அப்போதுதான் எனக்குப் பேனைப் பைத்தியம் பிடித்தது. போனில் தேடினேன், பார்சலில் எடுத்தேன். ஜப்பான்காரன் மெல்லிசு என்று சொல்வது ஜெர்மன்காரனுடையதைவிட இன்னும் மெல்லிசு என்பதைக் கண்டுபிடித்தேன். கறுத்த மை ஒன்று, படம் கீறுகிறவர்களுக்கானது என்று தெரியாமல் ஊற்றி ஒரு பேனையின் தொண்டையை அடைத்துவிட்டேன். கார்புரேட்டர் கழுவுகிற மாதிரி அதைக் கழுவினேன், அப்படியும் அது பிழைக்கவில்லை. என் மேசையில் நட்டுகளுக்குப் பக்கத்தில் நிப்புகள் கிடந்தன. வெட்டு மெஷினுக்குச் சங்கிலி கேட்டு வந்த சாகாமத்துப் போடியார் ஒருவர், "முதலாளி பள்ளிக்கூடம் தொறந்துட்டாரோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் எந்த நிப் என்பதுதான் தீரவில்லை. அது தாளைப் பொறுத்தது. ஒரே பேனை கொழும்புத் தாளில் ராசா மாதிரி எழுதியது, என் பில் புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மீசை முளைத்தது. அப்படியானால் காவின் புத்தகத்தின் தாள் எப்படி? இந்தக் கேள்வி வந்த பிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை. காவின் பதிவுகாரரின் வீட்டுக்கே போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லிப் பிளேன்டீ தந்தார்.

"என்ன ஹாஜியார், நாள் மாறிட்டா?"

"இல்ல. புத்தகத்த ஒருக்காக் காட்டுங்க. தாளப் பாக்கோணும்."

"தாளையா?"

"தொட்டுப் பாக்கோணும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு எழுதாத ஒரு பக்கத்தை விரித்தார். நான் விரலால் தடவினேன், வெளிச்சத்துக்குப் பிடித்தேன். முரட்டுத் தாள். மையைக் குடிக்கிற சாதி.

"இத்தின வருசத்தில மாப்பிள்ளைய விசாரிக்க வந்த ஆக்களக் கண்டிரிக்கன். தாள விசாரிக்க வந்தது நீங்க மட்டும்தான்" என்றார் பதிவுகாரர்.

மையைக் குடிக்கிற தாளுக்கு மெல்லிய நிப்தான் வேண்டும். மெல்லிய நிப்பை என் கார்பன் கை அமுக்கினால் அது ஊசியாகித் தாளைக் கிழிக்கும். தடித்த நிப் என்றால் கிழியாது, ஆனால் மை பரவி என் பெயர் கரப்பான் பூச்சி மாதிரி கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தேன். நடுத்தர நிப், விறைப்பான உருக்கு, லேசில் விரியாது. கழுத்து தடித்தது, என் விரலுக்குப் பிடி கிடைக்கும். கடும் நீல மை. நானே தெரிவு செய்தேன், யாரும் சொல்லித் தரவில்லை. இன்றும் ஒருவர் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: முதலில் உன் கையைப் பார், பிறகு தாளைப் பார், கடைசியில்தான் பேனை.

அதற்குப் பிறகு பழகினேன். பத்திரிகையின் ஓரத்தில், சீமெந்துப் பையில், கல்யாண அழைப்பிதழில் மிஞ்சியவற்றில். மேசையில் வைத்து எழுதினால் கை அமுக்குகிறது என்று தாளுக்கடியில் தலையணையை வைத்தேன். அமுக்கினால் தாள் பள்ளமாகிக் காட்டிக் கொடுக்கும். ஒருநாள் மகள் வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கணக்காளருக்குப் படித்தவள், என்னைப் போலத்தான், சுற்றி வளைக்க மாட்டாள்.

"வாப்பா, அண்டைக்கு மட்டும் சாதாரண பேனையால வெச்சிட்டு வாங்களேன்."

"ஏன், என்ட கையில நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இரிக்கி. நீங்க ராவு பகலா இதையே நினைச்சு மெலிஞ்சிட்டீங்க. உம்மா பயப்புடுறா."

"சொன்ன சொல்லு இரிக்கி மகள். அவங்கெல்லாம் படிச்ச ஆக்கள்."

"அவங்க படிச்ச ஆக்கள் எண்டு எனக்கும் தெரியும். அவங்களுக்கு முன்னால நீங்க கையெழுத்து வெச்சாப் போதும் வாப்பா. ஆரும் உங்களுக்கு மார்க்ஸ் போட வரல்ல."

அப்படிச் சொல்லிவிட்டு நான் கையெழுத்து வைத்த அழைப்பிதழ் ஒன்றை எடுத்து ஈரத்தை ஊதினாள். அவள் ஊதிக்கொண்டு நின்ற விதத்தில் அவளுக்கும் பயம்தான் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன், மாப்பிள்ளை வந்து வாழப்போகிற வீடு, நிலமெல்லாம் மாபிள் கல். ஆனால் அந்தப் படித்த குடும்பத்துக்குள் அவள் எந்த முகத்தோடு நிற்கப்போகிறாள் என்பதற்கு என்னால் மாபிள் பதிக்க முடியாதே.

காவின் அன்று காலை பேனையைக் கழுவி மை ஏற்றினேன். நிறைய ஏற்றினால் கசியும் என்று பயந்து கொஞ்சமாகத்தான் ஏற்றினேன். அங்கேதான் பிழை விட்டேன். பாதி வெறுமையான பேனைக்குள் இருப்பது காற்று, சூடு பட்டால் காற்று விரியும், விரிந்தால் மையை வெளியே தள்ளும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். என் நெஞ்சோடு ஒட்டிய பையில் வெயிலுக்குள் ஒரு பேனையை வைத்துக்கொண்டு, இருக்கிறதா இருக்கிறதா என்று நிமிசத்துக்கொரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போனேன்.

வெள்ளை விரிப்பு. நடுவில் சின்ன மேசை, அதில் புத்தகம். ஒரு பக்கம் பதிவுகாரரும் மௌலவியும், எதிரே மாப்பிள்ளை, அவருக்கு அருகில் அதிபர். பின்னால் அவர்களுடைய ஆட்கள், கண்ணாடி போட்டவர்களே அதிகம். பதிவுகாரர் நூலில் கட்டிய தன் பேனையை என் பக்கம் தள்ளினார். நான் கையை அசைத்து வேண்டாம் என்றேன். அதிபர் புன்னகையோடு முன்னால் சாய்ந்தார்.

மூடியைத் திருகினேன். விரல்களில் குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் மூடிக்குள் தேங்கியிருந்த மை என் பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் வழிந்திருந்தது. கையை முகத்துக்கு நேரே உயர்த்தியிருந்தால் எல்லோரும் கண்டிருப்பார்கள், நான் உயர்த்தவில்லை. நிப்பை லேஞ்சித் துணியில் ஒற்றினேன். தலையணையை நினைத்தேன். பள்ளம் விழக் கூடாது, பள்ளம் விழக் கூடாது. கையெழுத்தை வைத்தேன்.

அல்ஹம்துலில்லாஹ், அப்படி ஒரு கையெழுத்தை நான் அதற்கு முன்பும் வைத்ததில்லை, பின்பும் வைக்கவில்லை. மீசை இல்லை, கிழியவில்லை. பதிவுகாரரே புத்தகத்தைத் திருப்பி ஒரு கணம் பார்த்தார். இரண்டாவது இடத்திலும் மூன்றாவது இடத்திலும் வைத்தேன். முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

"இப்ப மாப்பிள்ளைட கையப் புடிங்க ஹாஜியார்" என்றார் மௌலவி.

எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மூத்த மகளுக்கும் இப்படித்தானே செய்தேன். வலியாக நிற்கிறவர் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் மகளைத் தந்தேன் என்று சொல்ல வேண்டும். பேனையும் தாளும் என் மண்டையை அப்படி அடைத்திருந்தன. மாப்பிள்ளை வெள்ளை முழுக்கைச் சட்டையோடு கையை நீட்டினார். என் வலது கை லேஞ்சிக்குள் மடியில் கிடந்தது, மூன்று விரலும் நீலம்.

நான் அசையவில்லை. லேஞ்சிக்குள் விரலைத் துடைத்தேன், மை இன்னும் பரவியது. மௌலவி தொண்டையைச் செருமினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பின்னால் யாரோ மெல்ல, "வாப்பாக்காரர் யோசிக்கிறார் போல" என்பது என் காதில் விழுந்தது. அதிபரின் புன்னகை போய்விட்டது. அவர் என் முகத்தையும் மகனின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்து வைத்த பிறகு பெண்ணைத் தர மனமில்லாமல் இருக்கிறேன் என்று அந்த மனிதர் நினைக்கிறார்! எதைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டேனோ அதை நானே என் மடியில் போட்டு மூடி வைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து, மை பட்டுவிட்டது என்று சொன்னால் முடிந்தது. அந்தச் சொல்தான் வரவில்லை. மைப்பேனைக் கட்சிக்காரருக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

அப்போது மாப்பிள்ளையின் கையைப் பார்த்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. பட்டம் படித்த பிள்ளை, கந்தோரில் பத்துப் பேரை மேய்க்கிற பிள்ளை, என் ஒரு கைக்காக நடுங்கிக்கொண்டிருந்தது.

கையை வெளியே எடுத்துப் பிடித்தேன். கார்பன் கைதானே, இறுக்கித்தான் பிடித்தேன். மௌலவி சொல்லச் சொல்ல, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்றேன். ஏற்றுக்கொண்டேன் என்று அவர் சொன்னபோது எங்கள் இரண்டு கைக்கும் இடையில் ஈரம் வழுக்கியது. வியர்வையா மையா என்று தெரியவில்லை. துஆ முடியும் வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தபோது மாப்பிள்ளை தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மூன்று விரலும் அதில் அப்படியே பதிந்திருந்தன. சட்டைக் கையின் ஓரத்திலும் ஒரு பொட்டு. அதிபர் எட்டிப் பார்த்தார், பிறகு என் விரல்களைப் பார்த்தார், விசயம் அவருக்கு விளங்கியது. போன உயிர் திரும்பி வந்தவர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

"ஹாஜியார், புத்தகத்தில வெச்சது காணாதெண்டு இவன்ட கையிலயும் ஒப்பம் வெச்சிட்டீங்களா?"

கண்ணாடிக்காரர்கள் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பதிவுகாரர் உட்பட. அது என்ன சிரிப்பு என்று நான் அளந்து பார்த்தேன், இன்றைக்கும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன். மகளின் காதுக்கு அது எப்படிப் போய்ச் சேருமோ?

மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் என் பக்கம் குனிந்தார். முதல் தடவையாக என்னை மாமா என்று கூப்பிட்டார்.

"மாமா, இது கழுவினாப் போகுமா?"

"லேசில போகாது மருமகன்" என்றேன். "நல்ல மை. நானே பாத்து எடுத்தது."